நாட்டுச்சக்கரையும் நாலாவது கார்பனும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அப்பாவுக்கு வீட்டு மெசின்ல சுகர் பாத்தா 260. மனுசன் அசரவே இல்லை. "அஸ்காவைத் தொட்டு நாலு மாசமாச்சு கண்ணு. மெசின்தான் கெட்டுப்போச்சு"ன்னார். (வெளியூர்க்காரங்களுக்கு: அஸ்கான்னா வெள்ளைச் சர்க்கரை.)

அம்மாதான் போட்டுக்கொடுத்தாங்க. மூணு வேளைக் காபிக்கும் நாட்டுச்சக்கரையாம்! "கவுந்தப்பாடிச் சக்கரை கண்ணு, பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகுது. அது என்ன பண்ணும்?"ங்கறார்.

காலண்டர் தாளைக் கிழிச்சுப் படம் போட ஆரம்பிச்சேன்.

குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், காலக்டோஸ் மூணுக்கும் ஃபார்முலா ஒண்ணுதான்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அடுக்கியிருக்கற விதம்தான் வேற. இதுக்குப் பேரு ஐசோமர். சங்கிலியா நீட்டி வரைஞ்சா, ஆக்சிஜனோட இரட்டைப் பிணைப்பு குளுக்கோஸ்ல முதல் கார்பன்ல இருக்கும், ஃப்ரக்டோஸ்ல ரெண்டாவதுல. காலக்டோஸ் இன்னும் மோசம். குளுக்கோஸை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணி, நாலாவது கார்பன்ல இருக்கற ஹைட்ராக்ஸிலை மட்டும் வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கம் மாத்தினா காலக்டோஸ். ஒரே ஒரு பிட் மாறின மாதிரி! சர்க்கரைகளோட அமைப்பைப் பிரிச்சுச் சொன்ன எமில் ஃபிஷருக்கு 1902-ல நோபல் பரிசே கிடைச்சுது.

அந்த ஒரு பிட் நம்ம நாக்குக்குப் பெருசாத் தெரியாது, என்சைமுக்குத் தெரியும். நிறைய ஸ்ட்ரிப்புகள்ல இருக்கற குளுக்கோஸ் ஆக்சிடேஸ், ஃப்ரக்டோஸையும் காலக்டோஸையும் கண்டுக்கவே கண்டுக்காது. மெசின் காட்டினது குளுக்கோஸேதான்.

எங்கிருந்து வந்துச்சு? சோத்துல இருந்து வர்றது ஒருபக்கம். இந்தக் காபி இன்னொரு பக்கம். அஸ்காவோ நாட்டுச்சக்கரையோ, பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கை கோத்த ஜோடி. சிறுகுடல்ல அந்தக் கை பிரிஞ்சதும் குளுக்கோஸ் நேரா ரத்தத்துக்கு.

"ஐசோமர்னா கணக்குல ஒண்ணு, உள்ள வேறங்ப்பா. உங்க சக்கரை நேர்மாறு. பாக்க வேற, உள்ள ஒண்ணு."

அப்பா தாளையே பாத்துட்டு இருந்தார். "அப்ப பால்ல?"

"லாக்டோஸ்ங்ப்பா. அதுலயும் ஒரு குளுக்கோஸ், ஒரு காலக்டோஸ்."

"காபியையே நிறுத்தச் சொல்றியா?"

"பால் கொஞ்சமா ஊத்திக்கலாம். சக்கரை மட்டும் வேண்டாங்ப்பா."

பதிலே இல்லை. நேத்து அம்மா போன்ல சொன்னாங்க, நாட்டுச்சக்கரை டப்பா பரண் மேல ஏறிடுச்சாம். ஏத்தி வைக்கச் சொன்னதே அப்பாதானாம். முட்டி வலியோட அவரால ஸ்டூல்ல ஏற முடியாது :-)