இடப்பக்கம் போன ஐந்து தோட்டாக்கள்

துப்பாக்கி என்றதும் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? எங்களுக்கும் இருந்தது. 1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் 1949 முதலே பெண்களுக்கும் இடம் உண்டு என்று வகுப்பில் பெருமையடித்துக் கொண்டோம். ஆனால் முகாமில், சிவப்புக் கொடி பறக்கும் சுடுதளத்தில் குப்புறப் படுத்து, .22 ரைபிளைத் தோளோடு அணைத்தபோது எங்கள் நெஞ்சு அடித்த அடி பக்கத்தில் படுத்திருந்தவளுக்கும் கேட்டிருக்கும்!

25 மீட்டர் தூரத்தில் இலக்குத் தாள். ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள். பின்சைட்டின் பள்ளத்துக்கு நடுவே முன்சைட்டின் முனை நிற்க வேண்டும்; அந்த முனைமேல் கறுப்பு வட்டம் அமர வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும்.

சுட்டு முடிந்ததும் தாள்கள் வந்தன. எங்கள் துளைகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. ஆயினும் ஒன்றிரண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்திருந்ததால் குதித்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் தாளிலோ வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் இடப்பக்க வெள்ளையில். "வட்டம் இங்கே இருக்கு, நீ பக்கத்து ஊரையாடி சுட்டே?" என்று சிரித்தோம். அவள் பதில் பேசவில்லை. "சிஸ்டர், போட்டிக்கு என் பெயரை எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது ஹவில்தார் ஐயா அவள் தாளை வாங்கிப் பார்த்தார். ஐந்து துளைகளையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிக் காட்டினார். "இங்கே நல்லாச் சுட்டது இந்தப் பொண்ணுதான். தப்பு ரைபிளோட சைட்டிலே இருக்கு" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ரைபிளில் எங்களில் மூவரும் சுட்டிருந்தோமே! எங்கள் கை ஆட்டத்தில் அதன் குறை மறைந்துவிட்டது. அவளுடைய நிதானம்தான் அதைக் காட்டிக் கொடுத்தது.

ஐயா முன்சைட்டை மெல்லத் தட்டி நகர்த்தினார். எந்தப் பக்கம் தெரியுமா? தோட்டா போன அதே இடப்பக்கம்! "வலப்பக்கம்தானே சார் நகர்த்தணும்?" என்று கேட்டோம். "முனை இடப்பக்கம் போனா, அதை மறுபடி வட்டத்துக்கு நேரா கொண்டுவர நீங்க குழாயை வலப்பக்கம் திருப்புவீங்க. தோட்டா குழாய் பின்னாலதான் போகும், உங்க கண்ணு பின்னால போகாது" என்றார். பின்சைட்டாக இருந்தால் தோட்டா போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டுமாம். இதற்கு 'ஜீரோ செய்தல்' என்று பெயர். ஒலிம்பிக் வீராங்கனைகளும் போட்டிக்கு முன் சோதனையாகச் சுட்டு, சைட்டைத் திருத்திக் கொள்கிறார்கள்.

சில துப்பாக்கிகளில் மேலே ஒரு சைட்டும், பக்கவாட்டில் 45 பாகை சாய்வாக இரண்டாவது சைட்டும் இருக்குமாம். துப்பாக்கியைச் சற்றே சாய்த்தால் இரண்டாவது கண்ணுக்கு நேராக வரும். "அப்போ ஒரு தடவை ஜீரோ செய்தா போதுமா சார்?" என்றோம். "போதாது. இரண்டும் ஒரே குழாய்மேல இருந்தாலும், நிற்கிற இடம் வேற, பார்க்கிற கோடு வேற. ஒவ்வொன்றையும் தனியாச் சுட்டுத்தான் திருத்தணும்" என்றார்.

தோழி மீண்டும் படுத்தாள். மீண்டும் ஐந்து தோட்டாக்கள். இம்முறை ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள்! நாங்கள் கைதட்டினோம், ஆனால் எங்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை. அன்றிரவு கூடாரத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "சிரிச்சதுக்கு முன்னாடி தாளை ஒரு தடவை ஒழுங்காப் பார்த்திருக்கலாமே" என்றாள். அந்தச் சொல் தோட்டாவைவிட நேராக வந்து தைத்தது.

தோழியரே, தவறிய ஒருத்தியைக் கண்டு சிரிக்குமுன், அவள் எப்படித் தவறினாள் என்று பாருங்கள். குறை அவள் கையில் இல்லாமலும் இருக்கலாம். நாங்களும் எங்கள் பார்வையைச் சற்றே நகர்த்திக் கொண்டுதான் முகாமிலிருந்து வீடு திரும்பினோம்.