பந்தயத் திடலின் டயரும் எங்கள் மலைச் சாலையும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மகிழுந்து டயரைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நான் பொறியாளர் அல்லள். ஆனால், கம்போங் ராஜாவில் பணியாற்றும் எவருக்கும் சாலை என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள பொருள் அன்று. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் வளைந்து வளைந்து செல்லும் சாலைகளில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். சிலர் வேனில், சிலர் பழைய லேண்ட்ரோவரில், சிலர் அண்ணன்மாரின் மகிழுந்தில். அந்த அண்ணன்மாரின் மகிழுந்துகளைப் பற்றியதே இக்கட்டுரை.

'டிராக் ரேடியல்' என்றொரு டயர் வகை உண்டு. நேர்க்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல் தூரம், யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்கும் பந்தயத்துக்காகவே உருவானது. செப்பாங் பந்தயத் திடலிலும் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன. இந்த டயரின் ரப்பர் மிகவும் மென்மையானது. அதில் பள்ளங்கள் மிகக் குறைவு, ஆழமும் குறைவு. பக்கச் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். புறப்படும் நொடியில் இயந்திரத்தின் முழு ஆற்றலையும் தரையில் இறக்குவதே அதன் வேலை. ஓட்டுநர்கள் பந்தயத்துக்கு முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை எழுப்புவது வேடிக்கைக்காக மட்டுமன்று. சூடேறினால்தான் அந்த ரப்பர் முழுமையாக ஒட்டும்.

என் முன்னாள் மாணவர் ஒருவர் இத்தகைய டயர்களை வாங்கினார். நல்ல பிள்ளை; கைத்திறன் உள்ளவர்; பள்ளியில் படித்த காலத்திலேயே உடைந்த மிதிவண்டிகளைப் பிரித்துப் பூட்டுவார். பழைய புரோட்டோன் ஒன்றை வாங்கித் தாமே பழுது பார்த்து, பந்தயத்தில் ஒருமுறை ஓடியும் பார்த்தார். திரும்பி வந்தபின் டயர்களைக் கழற்றவில்லை. அதே வண்டியில்தான் காலையில் தம் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் பள்ளிக்கு ஏற்றி வந்தார். முன்சக்கரங்களில் பந்தய டயர். பின்சக்கரங்களில் தேய்ந்த சாதாரண டயர்.

பள்ளி வாயிலில் அதைப் பற்றிக் கேட்டேன். "டீச்சர், இது தார் ரோட்டை அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். சாதா டயரைவிட இதுதான் பாதுகாப்பு," என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் எளிதில் மறுத்துவிடலாம். காய்ந்த தரையில், சூடேறிய நிலையில், நேர்க்கோட்டில் அந்த டயரின் பிடிப்பு சாதாரண டயரைவிட மிக அதிகம். அவர் அதைத் தம் கையால் உணர்ந்திருக்கிறார். அப்படி உணர்ந்த இளைஞரிடம் "இதெல்லாம் ஆபத்து, கழற்றிவிடு" என்று மட்டும் சொன்னால், இந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்றே எண்ணுவார். ஆகவே மறுபாதி உண்மையைப் பேச வேண்டியிருந்தது.

பூப்பந்து விளையாடும் காலணியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக் காய்ந்த தரையில் அதைப்போல் பிடிப்பது வேறில்லை. அதே காலணியோடு மழையில் நனைந்த தேயிலைச் சரிவில் இறங்க முடியுமா? கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர்க் காலணியை அணிவது எதற்காக? பிடிப்பு என்பது ரப்பரின் குணம் மட்டுமன்று. ரப்பரும் தரையும் இடையில் உள்ள நீரும் சேர்ந்து முடிவு செய்வது அது.

டயரின் பூவேலையை மலாய் மொழியில் 'புங்கா', அதாவது பூ, என்று அழகாகச் சொல்வார்கள். அந்தப் பூ அழகுக்காக வெட்டப்பட்டதன்று; நீர் வெளியேறும் வாய்க்கால் அது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். சாலையில் 2 மில்லிமீட்டர் நீர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஒவ்வொரு விநாடியும் அந்த ஒரு டயர் ஏறத்தாழ எட்டு லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். வாய்க்கால் இல்லாவிட்டால் அந்த நீர் எங்கே போகும்? டயருக்கு அடியிலேயே தங்கி, வண்டியைத் தூக்கி மிதக்கவிடும். தரையைத் தொடாத ரப்பர் எவ்வளவு மென்மையாக இருந்தால்தான் என்ன?

எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1963-இல் வானூர்திச் சக்கரங்களைக் கொண்டு அதை வெளியிட்டார்கள். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் 'நாட்' கணக்கில் கிடைக்கும். பள்ளமில்லாத டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தைவிட நீர் அதிகமாக நிற்கும் இடத்துக்கும் பொருந்தும் தோராயக் கணக்கு இது. அழுத்தம் 30 என்றால் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டர். பந்தயத்தில் செய்வதுபோல் காற்றைக் குறைத்து 20 வைத்தால் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். சிம்பாங் புலாய் நோக்கி இறங்கும் அகலமான சாலையில் அந்த வேகத்தை எட்டுவது எவ்வளவு எளிது என்பது நம் அனைவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியோடு அமர்ந்து தாளில் எழுதிப் பார்த்தோம். கணக்கை அவரே போட்டார். பிறகு முன்னும் பின்னும் வெவ்வேறு டயர் இருப்பதைப் பேசினோம். மழையில் முன்சக்கரம் மிதந்தால், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. காய்ந்த இறக்கத்திலோ வேறு தொல்லை. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன்சக்கரம் இறுகப் பிடிக்கிறது. பாரம் குறைந்து தேய்ந்தும் போன பின்சக்கரம் வளைவில் வழுக்கி விலகுகிறது. பிடிப்பு மிகுந்த இரண்டு டயர்களே வண்டியின் சமநிலையைக் கெடுத்துவிடுகின்றன.

கேமரன் மலையின் தட்பவெப்பமும் இந்த டயருக்கு ஏற்றதன்று. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. பள்ளி தொடங்கும் நேரத்தில் சாலை குளிர்ந்தும் பனியால் நனைந்தும் கிடக்கும். காய்கறி லாரிகள் சிந்திய மண் அதன்மேல் குழம்பாகும். வீட்டிலிருந்து பள்ளி வரும் சிறு தூரத்தில் பந்தய ரப்பர் தனக்குத் தேவையான சூட்டை எட்டுவதே இல்லை. செலவும் உண்டு. அமெரிக்க முறைப்படி டயரின் பக்கச் சுவரில் 'டிரெட்வேர்' என்றோர் எண் பொறிக்கப்படும். குடும்ப மகிழுந்துகளின் டயரில் அது 300, 400 என்று இருக்கும். டிராக் ரேடியலில் 100 அல்லது அதற்கும் கீழே. சிலவற்றில் வெறும் 00. அவ்வளவு விரைவாகத் தேயும் என்பதே அதன் பொருள். அதே சுவரில் உள்ள 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளைக் காட்டி, "ரோட்டில் ஓட்ட அனுமதி உள்ளது" என்பார்கள். அமெரிக்கச் சட்டத்தின் குறைந்த அளவுத் தகுதியை அந்த டயர் நிறைவு செய்கிறது என்று தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி அது. மழைக்கு ஏற்றது என்ற நற்சான்று அன்று.

தம்பி உடனே ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் கதையாகிவிடும். "மழை பெய்தால் ஓட்டமாட்டேன் டீச்சர்," என்றார். காலையில் வெயில் அடித்து மாலையில் கொட்டும் ஊரில் அந்த வாக்குறுதிக்கு என்ன பொருள்? அவருடைய தாயார்தான் முடிவெடுத்தார். டயரை மாற்றும்வரை பிள்ளைகள் வேனில் போகட்டும் என்றார். தங்கை வேனில் ஏறியது அண்ணனைச் சற்று உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த சம்பளத்தில் நான்கு சாதாரண டயர்களை வாங்கிப் பூட்டினார். பந்தய டயர்கள் தனி ரிம்மில் வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. மீண்டும் பந்தயத்துக்குப் போகும்போது அங்கேயே மாற்றிக்கொள்வாராம். நல்லதுதானே! டயருக்கும் அதற்குரிய இடம் கிடைத்துவிட்டது.

இளைஞர்களின் வாகன ஆர்வத்தைப் பொறுப்பின்மை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இந்த நாட்டில் ரப்பர்ப் பால் வெட்டிய பாட்டன்மாரின் பேரர்கள் இவர்கள். ரப்பரின் அறிவியலைக் கற்றுக்கொள்ள இவர்களுக்கு ஆர்வம் இருப்பது குற்றமா? அவர்கள் அறிந்த பாதியை மதித்துவிட்டு, அறியாத பாதியைச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் வேலை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை யாருடைய வண்டியில் ஏறினாலும் ஒரு முறை குனிந்து டயரைப் பாருங்கள். பூ போதிய அளவு இருக்கிறதா? பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடு, மீதி ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும்போது டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அதற்கு வெகுமுன்பே மாற்றிவிட வேண்டும். நான்கு டயர்களும் ஒரே வகையா? காற்று சரியாக இருக்கிறதா? இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் பிள்ளைகளை மலையிறக்கி அனுப்புகிறோம்.