போயிட்டு வர்றேன்

டோக்கியோவுக்கு வந்த புதிதில் ஜப்பானிய மொழி வகுப்பில் முதலில் படித்தது வணக்கங்களைத்தான். காலையில் ‘ஒஹாயோ கோசாய்மாஸ்’, பகலில் ‘கொன்னிச்சிவா’, இருட்டியபின் ‘கொன்பன்வா’. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். நெஞ்சில் தைத்தது ‘இத்தெகிமாஸ்’.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சொல்வது இது. அப்படியே நம்ம ‘போயிட்டு வர்றேன்’தான்! வீட்டில் இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார்: போயிட்டு வாங்க. சின்ன வயதில் ‘போறேன்’ என்றால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார். அந்தக் குரல் வகுப்பறையில் கேட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ‘கோச்சிசோசமா தெஷ்தா’ என்பார்கள். அதிலுள்ள ‘ச்சிசோ’வுக்கு ஓடியாடுவது என்று பழைய பொருள். விருந்தாளிக்காக ஓடியாடிப் பொருள் சேர்த்துச் சமைத்தவருக்கு அந்த நன்றி.

நேற்று ஒரு சின்ன நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தை வைத்துவிட்டு அதைச் சொன்னேன். அடுப்படியில் நின்ற பாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புது ஊருக்குப் போகிறவர்களே, விலை கேட்கக் கற்பதற்கு முன்னால் அந்த ஊர் மொழியில் நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.