இருக்கா, இல்லையா?

நாலு மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸில் ஆணி அதிகம். லாக் வரியில் 'எரர்' என்ற வார்த்தை இருந்தால் அலாரம் அடிக்கணும், அவ்வளவுதான் வேலை. சி++ ஸ்ட்ரிங்கின் 'ஃபைண்ட்'டை அப்படியே 'இஃப்'புக்குள் போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

பொட்டி தட்டும் மக்கள் இப்பவே சிரிச்சிருப்பீங்க. மத்தவங்களுக்கு: 'ஃபைண்ட்' இருக்கா இல்லையான்னு சொல்லாது, எத்தனாவது இடத்தில் இருக்குன்னு சொல்லும். வரியின் தொடக்கத்திலேயே இருந்தால் 0. 'இஃப்'புக்கு 0 என்றால் 'இல்லை'. சுத்தமாக இல்லாவிட்டால் வருவதோ ஒரு ராட்சச எண், அது 'உண்டு'! எங்க லாக்கில் 'எரர்' எப்பவும் வரியின் முதலில்தான் வரும். ஆக, நல்ல வரிக்கெல்லாம் அலாரம், நிஜ எரருக்கு மௌனம். விழுப்புரம் தாண்டும்போது டேமேஜர் போன் பண்ணினார். :-(

"இருக்கான்னு கேட்க ஒரு ஃபங்ஷன் வைக்கக்கூடாதா? ஜாவா 5-ல 2004-லேயே வந்தாச்சே!" என்று புலம்பினேன். சரி, நாமே கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

கேட்கலாம்ங்க. யார் வேணும்னாலும் கேட்கலாம், பதவியெல்லாம் வேண்டாம். ஆனா கேட்கிற விதம் இருக்கு. முதலில் யோசனையை விஷயம் தெரிஞ்சவங்க காதில் போட்டுப் பார்க்கணும். பிறகு ஒரு தாள் எழுதணும். என்ன கஷ்டம், இப்போ எப்படி எழுதறோம், மாறினா எப்படி எழுதுவோம், பழைய நிரல் உடையுமா, வேறு வழிகளை ஏன் விட்டோம், கடைசியில் தரநிலையில் சேரவேண்டிய வாசகம். அதைக் குழுவின் கூட்டத்தில் ஒருத்தர் முன்வைத்து வாதாடணும். நம்மால் முடியலைன்னா நமக்காகப் பேச ஆள் பிடிக்கணும். நூலக வடிவமைப்பைப் பார்ப்பவர்கள், வாசகத்தைத் துருவுபவர்கள், அப்புறம் முழுக் கூட்டத்தின் ஓட்டு. நடுவில் கருத்துக் கேட்கும்போது பலமான ஆதரவு முதல் பலமான எதிர்ப்பு வரை ஐந்து படி! 2011-லிருந்து மூணு வருஷத்துக்கு ஒரு தரநிலை. இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது மூணு வருஷம் கழிச்சுத்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சி++-ஐ உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பே 2018-ல் குழுவுக்கு 'வாசா' கப்பலை ஞாபகப்படுத்தி ஒரு தாள் எழுதினார். 1628-ல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த கப்பல் அது. தனித்தனியாக எல்லாம் நல்ல யோசனைதான். மொத்தமாக ஏற்றினால் முழுகிடும்.

மூணு பக்கம் எழுதினபின் 'முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களா' என்று தேடினேன். கேட்டிருக்காங்க! தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கும் ஃபங்ஷன்கள் சி++20-ல் வந்தாச்சு. நான் கேட்க நினைச்ச 'கன்டெய்ன்ஸ்' பி1679 என்ற தாள் வழியாக சி++23-ல் சேர்ந்தாச்சு. அவரும் என்னை மாதிரி திட்டு வாங்கினாரோ என்னவோ, புலம்பாம எழுதியிருக்கார்.

எங்க ஆபீஸில் இன்னும் சி++17 தான். அதனால் அதே வடிவத்தில் டேமேஜருக்கு ஒரு தாள் எழுதினேன். 'பழைய நிரல் உடையுமா' பகுதிக்கு மட்டும் ரெண்டு ராத்திரி ஆச்சு. உடையற இடம் நாலு கிடைச்சது, ரெண்டு நான் எழுதினது. கொடுத்தேன். படிச்சிட்டு "பார்க்கலாம்" என்றார்.

ஐந்து படியில் அது எந்தப் படி மக்களே?

டிஸ்கி: அந்த 'இஃப்'பை அன்னிக்கே பஸ்ஸிலிருந்தே சரி பண்ணிட்டேன். :-)