லூர்து நகரின் நீல வண்டிகள்

நமது மறைமாவட்டத்தில் மாதா கெபி இல்லாத பங்கைக் காண்பது அரிது. நீலக் கச்சை அணிந்து நிற்கும் அன்னையையும், எதிரே முழந்தாளிட்டிருக்கும் பெர்னதெத்தம்மாளையும் அறியாப் பருவம் முதலே கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், திருப்பயணிகள் சிலரோடு பிரான்சு நாட்டின் லூர்து நகரையடைந்து, மசபியேல் குகையின் முன் நின்றபோது, பிறந்த வீட்டு முற்றத்தில் நிற்பதுபோன்றே இருந்தது. அருகே காவ் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான கைகள் தடவித் தடவிப் பாறை வழவழவென்று ஆகியிருந்தது. 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 தொடங்கி ஜூலை 16 முடிய, 18 முறை அன்னை காட்சி தந்த இடம் அது.

ஆனால் நம்மூர்க் கெபிகளில் காணாத ஒன்று அங்கே நம் கண்ணைக் கவர்ந்தது. மூன்று சக்கரங்களும், மழைக்கும் வெயிலுக்கும் மடித்து விரிக்கும் கூரையும், முன்னால் பிடித்து இழுக்க ஒரு கம்பியும் கொண்ட நீல நிற வண்டிகள்! வரிசை வரிசையாக அவற்றில் நோயாளர் அமர்ந்திருந்தனர். நலமுள்ளோர் பின்னே நிற்க, அவர்களே எங்கும் முன்னிடம் பெற்றனர். நடக்க இயலாத திருப்பயணிகளுக்கென இவ்வண்டிகள் இரவலாகக் கொடுக்கப்படுகின்றன.

நற்கருணைப் பவனிக்கு ஆள் குறைவாயிருந்ததால், தொண்டர் ஒருவர் நம் கையிலும் ஒரு வண்டியின் கம்பியைக் கொடுத்தார். 1885-ஆம் ஆண்டிலேயே தோன்றிய தொண்டர் சபையைச் சேர்ந்தவர் அவர். வண்டியில் இருந்தவர் இத்தாலிய மூதாட்டி ஒருவர். அவர் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவருக்குத் தெரியாது. கல் தடுக்கியபோதெல்லாம் அவரே நம்மைப் பார்த்துச் சிரித்தார். பவனி முடிந்து அவரை விடுதியில் இறக்கிவிட்டபின் நாம் கண்டதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஓர் இளைஞர் வந்து வண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் ஈரத்துணியால் துடைத்தார். சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். காத்திருந்த வேறொருவரை அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் ஐந்து நிமிடத்திற்குள்.

லூர்து நகரின் பழைய புகைப்படங்களில், குகையின் மேற்புறம் ஊன்றுகோல்கள் நிறையத் தொங்குவதைக் காணலாம். குணம் பெற்றோர் நன்றியாக விட்டுச்சென்றவை அவை. பெரும்பாலானவை பின்னர் அகற்றப்பட்டன. அப்படங்களை நாமும் மறையுரையில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். நாம் சென்ற 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்றுதான், அருட்சகோதரி பெர்னதெத் மொரியோ அவர்கள் 2008-ஆம் ஆண்டில் பெற்ற குணம், 70-ஆவது புதுமையாகத் திருச்சபையால் ஏற்று அறிவிக்கப்பட்டிருந்தது. லூர்துக்குச் சென்று திரும்பிய சில நாட்களில், அவர் தம் உடலில் அணிந்திருந்த தாங்கு கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு நடந்தார். அதன்பின் மேலும் சில புதுமைகள் அப்பட்டியலில் சேர்ந்துள்ளன. எனினும் எண்ணிறந்தோர் அங்கிருந்து வந்தபடியே திரும்பிச் செல்கின்றனர். அவர்களுக்கு வண்டி வேண்டியிருக்கிறது. திரும்பிச் சென்றபின்னும் வேண்டியிருக்கிறது.

அன்றிரவு தீபப் பவனியில் மெழுகுத்திரி ஏந்தி நின்ற நமக்குச் செபம் ஓடவில்லை. நமது பங்குக் கோவிலின் பொருள் அறை நினைவுக்கு வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார், இறந்துபோன தம் தந்தையின் சக்கர நாற்காலியை நம்மிடம் ஒப்படைத்திருந்தனர். "வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, சாமி" என்றார்கள். நாமும் ஆசீர் கூறி வாங்கி, கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினோம், மறந்தோம். கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூளை முடக்குவாதம் தாக்கிய மகனை ஒரு தாய் ஞாயிறுதோறும் இடுப்பில் சுமந்து திருப்பலிக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்கு நற்கருணை கொடுத்த கை நமது கையே. பிள்ளைக்கு ஒன்பது வயது.

ஊர் திரும்பிய மறுநாளே அறையைத் திறந்தோம். ரப்பர் வெடித்திருந்தது, முன் சக்கரங்கள் துருவேறி இறுகியிருந்தன, பஞ்சு மெத்தையை எலி கடித்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர், அவர் நம் சமயத்தவர் அல்லர், கூலி வாங்காமல் செப்பனிட்டுக் கொடுத்தார். பெருமிதத்தோடு அதைத் தள்ளிக்கொண்டு அத்தாயின் வீட்டுக்குப் போனோம்.

அங்கேதான் நமது அறியாமை வெளிப்பட்டது. வளர்ந்த ஆளுக்கென 18 அங்குல அகலத்தில் செய்யப்பட்ட நாற்காலி அது. பிள்ளை அதில் ஒரு பக்கமாகச் சரிந்தான். கால்கள் மிதியை எட்டாமல் தொங்கின. மூன்று வாரத்தில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்துவிட்டது. அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் நமக்குப் பாடம் நடத்தினார்: "இடுப்பின் அகலத்துக்கு இருக்கை அமைய வேண்டும், பாதம் மிதியில் பதிய வேண்டும், தகுந்த மெத்தை வேண்டும். பொருந்தாத நாற்காலி முதுகை வளைக்கும். படுக்கைப் புண்ணை உண்டாக்கும். ஊன்றுகோலும் அப்படித்தான், சாமி. அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் அக்குளில் அல்ல, கையில் இறங்க வேண்டும். நுனி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். காலிப்பரும் செயற்கைக் காலும் ஒருவர் அளவுக்கே செய்தவை. அப்படியே இன்னொருவருக்கு மாட்டிவிடாதீர்கள்." செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கும் நாம், தருமம் செய்யும்போது பார்ப்பதில்லை.

அவர் எழுதித்தந்த சீட்டோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து, பிள்ளைக்கேற்ற நாற்காலியைப் பெற்றோம். பெரிய நாற்காலி, பக்கவாதத்தால் விழுந்த ஒரு கொத்தனார் வீட்டுக்குப் போயிற்று. அவர் மனைவி முதலில் தயங்கினார். செத்தவர் நாற்காலியை வீட்டில் ஏற்றினால் ஆகாது என்று அண்டை வீட்டார் சொன்னார்களாம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் நடுவிலும் இப்பேச்சு உண்டு என்பதை ஒளிப்பானேன்? சிலுவை மரத்தையே முத்தமிடும் மக்களல்லவா நாம்! கொத்தனார்தாம் அதை முடித்துவைத்தார். "செத்தவரு என்னத்தைக் கொண்டுபோனாரு? உட்கார வை புள்ள" என்றார்.

அதன்பின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு பேரேடு தொடங்கினர். கொடுத்தவர், பெற்றவர், நாள், பொருளின் நிலை ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. ஊன்றுகோல், நடைச்சட்டம், கழிப்பறை நாற்காலி என ஒவ்வொன்றாக வந்தன. வருவதையெல்லாம் சோப்பு நீரால் கழுவி வெயிலில் உலர்த்துகிறோம். அழுக்கு ஊறிய பஞ்சு மெத்தைகளை மட்டும் மறுகையாக யாருக்கும் தருவதில்லை.

2022-ஆம் ஆண்டு, பாஸ்கா விழா முடிந்த வாரத்தில் அத்தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டான், புதிய நாற்காலி கிடைத்துவிட்டது. பழையதைக் கழுவித் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெயும் இட்டுக் கொண்டுவந்திருந்தார். பேரேட்டில் ஒப்பமிட்டபின் போகாமல் நின்றார்.

"சாமி, மேலத்தெருவில ஒரு சின்னப் பொண்ணு இருக்கு. அளவு நானே நூல் வச்சு எடுத்துட்டேன். இதைக் குடில் சாமானோட வச்சுடாதீங்க."

அன்று மாலையே மேலத்தெருவுக்குப் போனோம்.