பிபி பார்க்க நாற்காலி எதுக்கு? ஒரு குட்டி த்ரெட்

1/ 2021 ஆகஸ்ட்ல ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு பிபி, சுகர் அளவெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறுது. நல்ல விஷயம். ஆனா ஏத்துற நம்பர் சரியா இருக்கணுமே?

2/ வள்ளூர் அனல்மின் நிலையத்துல நைட் ஷிஃப்ட் முடிச்சு ஒருத்தர் ஓபிக்கு வர்றார்னு வைங்க. சாய இடமில்லாத ஸ்டூல், கை மடியில. பிபி 142.

3/ 2024-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு: கையை மடியில வச்சா மேல் அளவு சுமார் 4, தொங்கவிட்டா 6.5 கூடுதலா காட்டுது.

4/ நம்ம கோடு 140. அந்த நாலு புள்ளியில கான்ட்ராக்ட் தொழிலாளியோட ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டே நின்னுடலாம். ரெண்டு மூணு தடவை பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். ஒவ்வொரு தடவையும் அதே ஸ்டூல்னா?

5/ சாஃப்ட்வேருக்கு ஸ்டூல் தெரியாது. 142-ஐ அப்படியே வச்சுக்கும். அடுத்த டாக்டரும் அதைத்தான் பார்ப்பார். அதனால கம்ப்யூட்டரோட சேர்த்து, சாயுற நாற்காலியும் கை வைக்க மேசையும் கேட்டு வாங்கணும்.

6/ நீங்க செய்ய வேண்டியது: 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் தரையில, கால் மேல கால் வேண்டாம், கை நெஞ்சு உயரத்துல மேசை மேல. நாற்காலி இல்லைன்னா தயங்காம கேளுங்க.

7/ ஏற்கெனவே மாத்திரை போடுறவங்க, இதைப் படிச்சிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டரைப் பாருங்க.