பேர் யார் பேரில் இருக்குது?

என் மேஜை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. இடது பக்கம் கடையின் பெயர், நடுவில் டொமைன் பெயர், ஓரத்தில் புதுப்பிக்க வேண்டிய தேதி. இதெல்லாம் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆனாலும் மாசம் பிறந்தால் இந்த நோட்டை ஒருமுறை புரட்டாமல் எனக்கு வேலை ஓடாது. அதற்குக் காரணம் ஒரு ஜமக்காளக்காரர். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதல் பக்கத்தில் இருப்பவை நாங்கள் நாலு பேர் மேட்டூர் ரோட்டுச் சந்தொன்றில், மாடி அறையில் வெப்சைட் ஏஜென்சி ஆரம்பித்த காலத்துப் பெயர்கள். கீழே துணிக்கடை. மதியம் ஆனால் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் படியேறி வரும். அந்த அறையில் எங்களை முதன்முதலில் மல்லுக்கட்ட வைத்தது எங்கள் ஊர்ப் பெயர்தான். 'ஈரோடு' என்று போட்டோஷாப்பில் ஒட்டினால், ரகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகும்; திரையில் அதைப் பிரித்து முன்னும் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அப்போதைய போட்டோஷாப்புக்கு அந்த வித்தை தெரியாது. 'கொங்கு' என்று எழுதினாலும் இதே கதிதான். அதனால் பேனருக்குப் பழைய எழுத்துரு, பக்கத்துக்கு யூனிகோடு என்று இரண்டு சமையல் நடக்கும்.

அச்சகங்களில் இருந்து வரும் விவரங்களோ பாமினியில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டின மாதிரி தெரியும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்கப்புறம், "தமிழ்ல போட்டா வருமுங்களா?" என்று கேட்டவர்களுக்கு நெஞ்சை நிமிர்த்தி "வருமுங்க" என்று சொல்ல முடிந்தது. தமிழில் எழுதினால் கூகுளில் தேடினாலும் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு கடையிலும் தேடிக் காட்டியே புரியவைத்தோம்.

தமிழில் மட்டுமே செய்த ஒரு வேலை இன்னும் மனசில் நிற்கிறது. ஒரு மஞ்சள் மண்டிக்காரருக்காக விலைப் பக்கம். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நாலு இடத்து ஏலம். ஒவ்வொன்றிலும் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, குவிண்டால் கணக்கில். படம் கிடையாது, அசையும் எழுத்து கிடையாது. எண்கள் மட்டும் பெரிதாக. சாதாரண போனிலும் சட்டென்று திறக்க வேண்டும் என்று பைட் பைட்டாகக் குறைத்தோம். 2012-ல் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்கள் அவை. ஒரு சாயங்காலம் யூபிஎஸ்ஸும் கைவிட்டு, விலை ஏற்ற முடியாமல் போயிற்று. ஒரு பெரியவர் போன் செய்தார். "அம்முணி, இன்னைக்கு வெலெ இன்னும் ஏறலீங்களா? மஞ்சளை வண்டீல ஏத்தீட்டு நிக்கறனுங்க." தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய் ஏற்றினேன். நாங்கள் செய்ததிலேயே நல்ல வெப்சைட் எது என்று கேட்டால் படமே இல்லாத அந்த ஒரு பக்கத்தைத்தான் சொல்வேன். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

ஜவுளிக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. விலை போடவே கூடாது. திங்கள் ராத்திரி எங்கள் ஊர்க் கனி ஜவுளி மார்க்கெட்டில் போய் நின்றால் காரணம் தெரியும். செவ்வாய் வரைக்கும் நடக்கும் அந்தச் சந்தையில், கேரளாவில் இருந்து வந்தவர் எத்தனை உருப்படி எடுக்கிறார், கையில் காசா கடனா என்பதைப் பொறுத்து விலை மாறும். அதனால் 'விலைக்குக் கேளுங்கள்' என்று ஒரு பட்டன் வைத்து நேராக வாட்ஸ்அப்புக்குத் திருப்பிவிட்டோம். அது அவர்கள் வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்டது.

சரி, ஜமக்காளக்காரர். பவானியில் இருந்து பஸ்ஸில் வந்தார், தோளில் ஒரு ஜமக்காளச் சுருள். தரையில் விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு என் மானிட்டரில் இருந்த ஜமக்காளப் படத்தைப் பார்த்தார். "இந்தச் செகப்பு நம்ம செகப்பு இல்லீங்க." உண்மைதான். திரையில் குங்குமமாய் எரிந்தது. கீழே விரித்திருந்தது நன்றாகக் காய்ந்த மிளகாய்ப் பழத்தின் நிறம். கறுப்புப் பட்டைக்கும் பச்சைப் பட்டைக்கும் நடுவில் அந்தச் சிவப்பை உட்கார வைக்க மூன்று மணி நேரம் ஆனது. அவர் எழவே இல்லை.

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அவருக்கு ஏற்கெனவே வெப்சைட் இருந்திருக்கிறது. செய்து கொடுத்தவர்கள் டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிந்துகொண்டு, பிறகு கடையை மூடிவிட்டார்கள். டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே பறிபோகாது. பெரும்பாலும் சில வாரம் தவணை இருக்கும், அப்புறம் கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள், அதற்கும் மேல் 5 நாள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நோட்டீஸ் எல்லாம் மூடிய கடையின் ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. இவர் கடை போர்டிலும் துணிப்பையிலும் பில் புக்கிலும் இருந்த முகவரியைத் தட்டினால் எவனோ போட்ட சீட்டாட்ட விளம்பரம்.

"கடை நம்முளுது, தறி நம்முளுது. பேரு மட்டும் எப்படீங்க அம்முணி ஊரான் பேர்ல இருந்துச்சு?"

பழைய பெயர் கிடைக்கவில்லை. அதற்கு ஒட்டினாற்போல வேறொரு பெயரை அவர் பெயரிலேயே, அவர் ஈமெயிலிலேயே பதிந்து கொடுத்தேன். அன்றைக்குத்தான் இந்த நோட்டு வாங்கினேன். அதில் நாலாவது கட்டம் ஒன்று போட்டு 'யார் பேரில்' என்று தலைப்பு எழுதினேன். அதற்கு முன்னால் செய்து கொடுத்தவற்றையும் தேடிப் பிடித்து முதல் பக்கத்தில் இருந்து எழுதினேன். நாலாவது கட்டத்தில் எங்கள் ஏஜென்சியின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ கோயிலுக்கோ யாராவது வெப்சைட் செய்து கொடுத்திருந்தால், இன்றைக்கே அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். டொமைன் யார் பேரில் இருக்கிறது, நோட்டீஸ் எந்த ஈமெயிலுக்கு வரும், இந்த இரண்டையும் கேட்டு உங்கள் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.